சீரிஸ் 3 லேண்ட் ரோவரில் 200 டிடிஐ: ஹை ரேஞ்சை உயர்த்துங்கள், லோவில் கை வைக்காதீர்கள்

கேள்வி இதுதான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓடும் 109 அங்குல சீரிஸ் 3. பழைய 2.25 லீட்டர் பெற்றோல் இஞ்சினை இறக்கிவிட்டு, டிஸ்கவரியிலிருந்து கழற்றிய 200 டிடிஐ டீசல் இஞ்சினை ஏற்றப் போகிறார். கிழமைக்கு ஒரு தடவை அட்டன், அவிசாவளை வழியாகக் கொழும்பு. மற்ற நாளெல்லாம் தோட்டத்து ரோட்டில் உர மூட்டை, கொழுந்து, சில சமயம் ஆட்கள். கராஜ்காரர் ஆக்சிலில் இருக்கும் டிப்பரன்ஷியலை (சக்கரத்துக்கு முந்திய கடைசிக் கியர்) 3.54 ரேஷியோ உள்ளதாக மாற்றச் சொல்கிறார். கூட்டாளி ஒருவர், கியர்பொக்ஸே வேண்டாம், ஐந்து கியர் எல்டி77, அதோடு எல்டி230 டிரான்ஸ்பர் பொக்ஸ் (கியர்பொக்ஸுக்குப் பின்னால், ரோட்டுக்கு ஹை, மெதுவான கடின வேலைக்கு லோ என்று இரண்டு ரேஞ்ச் தரும் பெட்டி) என்று முழுசாக மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?

இந்த வண்டிக்கு, இந்த ரோட்டுக்கு, இரண்டுமே வேண்டாம் என்பேன். காரணம் ஒன்றுதான். ரோட்டில் எவ்வளவு வேகத்தில் நிதானமாக ஓடுவது என்பது ஒரு கேள்வி. மூட்டையோடு செங்குத்தான இறக்கத்தில் எவ்வளவு மெதுவாக இறங்குவது என்பது வேறு கேள்வி. டீசல் மாற்றினால் மாற வேண்டியது முதல் கேள்வியின் பதில் மட்டும். டிப்பரன்ஷியலைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து மாறிவிடும்.

கணக்கை முதலில் போட்டுக்கொள்வோம். டயரில் சோக்கால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு; வண்டியில் வழக்கமான சுமை இருக்கட்டும். ஒரு சுற்று தள்ளி மறுபடி தரையில் கோடு போட்டு டேப்பால் அளவுங்கள். 7.50-16 டயர் என்றால் கிட்டத்தட்ட 2.5 மீட்டர் வரும். அப்படியானால் இஞ்சின் 1000 ஆர்.பி.எம் ஓடும்போது கிடைக்கும் வேகம், 150ஐ மொத்த ரேஷியோவால் வகுத்தால் வருவது. மொத்த ரேஷியோ என்பது கியர்பொக்ஸ், டிரான்ஸ்பர் பொக்ஸ், டிப்பரன்ஷியல் மூன்றையும் பெருக்கியது; சக்கரம் ஒரு சுற்று சுற்ற இஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. எண் சிறியதானால் கியர் உயரம், எண் பெரியதானால் இழுவை. வேறு டயர் போட்டிருந்தால் 150ஐ மாற்றிக்கொள்ளுங்கள்: அளந்த மீட்டரை 60ஆல் பெருக்கினால் போதும்.

சீரிஸ் 3இன் எண்கள்: கியர்பொக்ஸில் முதல் கியர் 3.68, இரண்டாவது 2.22, மூன்றாவது 1.50, நாலாவது நேர் 1. டிரான்ஸ்பர் பொக்ஸ் ஹையில் 1.148, லோவில் 2.35. டிப்பரன்ஷியல் 4.7. ஆக டொப் கியரில் மொத்தம் 5.4; 1000 ஆர்.பி.எம்முக்கு 27.8 கிலோமீட்டர். லோ முதல் கியரில் 40.7. இஞ்சின் 800இல் ஐடில் ஓடினால் வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூட வராது. பிரேக்கைத் தொடாமல் தோட்டத்து இறக்கத்தில் இறங்க முடிவது இந்த 40.7ஆல்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி இஞ்சின். பழைய பெற்றோல் இஞ்சின் 70 குதிரைச் சக்தி, டோர்க் (சுழற்றும் விசை) 163 நியூட்டன் மீட்டர் அளவு. டிஸ்கவரி 200 டிடிஐ 111 குதிரைச் சக்தி, 1800 ஆர்.பி.எம்மில் 265 நியூட்டன் மீட்டர். ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அந்த 265 டர்போ ஊதினால்தான். 1500க்குக் கீழே அது சாதாரணமான ஒரு 2.5 லீட்டர் டீசல், அவ்வளவுதான். மேலேயும் எல்லை உண்டு: 4000இல் சக்தி முடிந்துவிடும், 3000 தாண்டினாலே சத்தமும் டீசல் செலவும் ஏறும். ஆகவே இந்த இஞ்சினுக்கு ரோட்டில் பிடித்த இடம் 1800இலிருந்து 2500 வரை. ரேஷியோ தேடுவதெல்லாம் உங்கள் வழக்கமான வேகத்தை இந்த இடத்துக்குள் கொண்டுவருவதற்குத்தான்.

உங்கள் வழக்கமான வேகம் என்ன? கொழும்பு வரைக்கும் சாதாரண ரோட்டில் சட்டப்படி 70தான். ஸ்டாண்டர்ட் ரேஷியோவில் 70க்கு 2520 ஆர்.பி.எம். சத்தம் இருக்கும், ஆனால் இஞ்சினுக்குக் கேடில்லை. தெற்கு அதிவேகப் பாதையில் 100 ஓட்டினால் 3600, அது கூடாது. வெளிநாட்டில் இதே மாற்றத்தைச் செய்கிறவர்கள் முதல் வேலையாக டிப்பரன்ஷியலைத் தேடுவது, அங்கே நெடுஞ்சாலையில் 100க்கு மேல் மணிக்கணக்காக ஓட வேண்டியிருப்பதால். அந்த ஆலோசனை அப்படியே இங்கே வந்து இறங்கிவிட்டது. அட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியில் 100 ஓட்ட யாராலும் முடியாது, ஓட்டவும் கூடாது.

சரி, 3.54 போட்டால் என்ன ஆகும்? டொப் கியர் மொத்தம் 4.06, 1000க்கு 37 கிலோமீட்டர். 70 ஓட 1900 ஆர்.பி.எம் போதும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லோ முதல் கியர் 40.7இலிருந்து 30.6ஆக விழுகிறது. ஐடிலில் மூன்று கிலோமீட்டரில் இறங்கிய வண்டி இனி நாலில் இறங்கும். எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம். நனைந்த சருகு கிடக்கும் ரோட்டில், பின்னால் ஒரு டன் ஏற்றி, கான் பக்கமாகச் சாயும் வளைவில் அது சின்ன வித்தியாசம் இல்லை. கால் பிரேக்குக்குப் போகும், முன் சக்கரம் வழுக்கும். டீசலில் இஞ்சின் பிரேக் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். இஞ்சின் எவ்வளவு பிடித்தாலும் அதைச் சக்கரத்துக்குப் பெருக்கிக் கொடுப்பது ரேஷியோதான். அதில் கால்வாசியை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள்.

கராஜில் யாரும் சொல்லாத இன்னொன்று ஹேண்ட் பிரேக். சீரிஸில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் பொக்ஸின் பின்னால் புரொப் ஷாஃப்டை (ஆக்சிலுக்குப் போகும் சுழல் தண்டு) பிடிக்கும் ட்ரம். அந்தப் பிடியைச் சக்கரத்துக்கு 4.7 மடங்காக்கிக் கொடுத்தது டிப்பரன்ஷியல். 3.54 போட்டால் அதே ட்ரம், அதே ஷூ, பிடி மட்டும் கால்வாசி குறையும். ஸ்டோர் வாசலில் ஏற்றத்தில் நிறுத்திக் கொழுந்து இறக்குகிறவருக்கு இது விளையாட்டில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளும் டிரான்ஸ்பர் பொக்ஸின் வெளிப் பக்கத்திலிருந்துதான் ஓடுகிறது. ஆகவே நிஜமாக 70 ஓடும்போது முள் 53இல் நிற்கும். பொலிஸ்காரரிடம் இந்தக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இதெல்லாம் போகட்டும், உங்கள் 109இல் பின் ஆக்சில் அனேகமாக சோல்ஸ்பரி என்ற வகை. 88 அங்குல வண்டியில் என்றால் ரேஞ்ச் ரோவரிலிருந்தோ டிஸ்கவரியிலிருந்தோ டிப்பரன்ஷியல் குடத்தைக் கழற்றி நேராக மாட்டலாம். ரோவர் ஆக்சிலில் அது வெளியே வரும். சோல்ஸ்பரியில் குடம் ஆக்சிலோடேயே வார்த்தது. அதில் 3.54 வேண்டுமென்றால் கிரவுன் பினியனை (உள்ளே இருக்கும் பெரிய, சின்னப் பல்சக்கரங்கள்) ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து செட் பண்ணத் தெரிந்தவர் வேண்டும், அல்லது லேண்ட் ரோவர் 110இன் முழு ஆக்சில் தேட வேண்டும். முன்னால் சுலபமாக மாற்றிவிட்டு, பின்னால் பிறகு பார்க்கலாம் என்று விட்ட வண்டியை போர் வீலில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் முன் பின் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும்.

தொழிற்சாலை என்ன செய்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. இதே 200 டிடிஐ இஞ்சினை லேண்ட் ரோவர் 1989இல் டிஸ்கவரியிலும் அடுத்த வருடம் டிஃபெண்டரிலும் போட்டது. டிஸ்கவரியில் ஐந்தாவது கியரின் மொத்த ரேஷியோ 3.33 அளவு, டிஃபெண்டரில் 4.15 அளவு. ஒன்று ரோட்டு வண்டி, மற்றது வேலை வண்டி. ஹையில் அவ்வளவு வித்தியாசம். ஆனால் லோ முதல் கியரைப் பெருக்கிப் பாருங்கள்: டிஃபெண்டரில் 42, டிஸ்கவரியில் 43. பழைய சீரிஸில் 40.7. இஞ்சின் மாறியது, கியர்பொக்ஸ் மாறியது, டிரான்ஸ்பர் பொக்ஸ் மாறியது, ஆக்சிலே 3.54 ஆனது, லோ முதல் கியர் மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. 3.54 ஆக்சில் போட்டபோது எல்டி230இன் லோவை 3.32 ஆக்கி அந்த இழப்பை ஈடுகட்டினார்கள். உங்கள் சீரிஸ் டிரான்ஸ்பர் பொக்ஸில் 2.35தான் இருக்கிறது, ஈடுகட்ட ஒன்றுமில்லை.

ஆகவே 4.7 அப்படியே இருக்கட்டும். ஹையை மட்டும் உயர்த்த இரண்டு வழி உண்டு.

ஒன்று, டிரான்ஸ்பர் பொக்ஸுக்குள் ஹை ரேஞ்ச் கியர்களை மட்டும் மாற்றும் செட். ஹை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரும், லோ தொடப்படாது. டொப் மொத்தம் 4.1 அளவு, டிஃபெண்டரின் ஐந்தாவதுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 40.7 பத்திரம், ஹேண்ட் பிரேக் பத்திரம், ஸ்பீடோமீட்டரும் சரியாகக் காட்டும். உறுதியான வழி. குறை என்னவென்றால் உயர்ந்தது நாலு கியரும்தான். ஹை முதல் கியர் 19.9இலிருந்து 15க்கு வரும். சமதரையில் தெரியாது. ஐந்துக்கு ஒன்று என்கிற ஏற்றத்தில், 2500 கிலோ மொத்த எடையோடு நின்ற வண்டியை எடுத்தால் தெரியும். அந்த ஏற்றத்தில் சக்கரத்துக்கு ஏறத்தாழ 2150 நியூட்டன் மீட்டர் வேண்டும். கிளச் விடும் நேரத்தில் டர்போ ஊதாது, 1000 ஆர்.பி.எம்மில் இஞ்சின் 150 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு, பத்து சதவீதத்தை உராய்வுக்குக் கழித்தால், 15இல் சக்கரத்துக்கு வருவது 2030. போதாது. ரேஸ் கொடுத்துக் கிளச்சை எரித்துத்தான் எடுப்பீர்கள். பழைய 19.9இல் 2680 வருகிறது, சத்தமில்லாமல் ஏறும். ஹை கியர் செட் போட்டவர் இப்படியான இடத்தில் சிவப்பு லீவரை இழுத்து லோவில் எடுக்கப் பழக வேண்டும். லோ என்றால் சேற்றுக்கு மட்டும் என்று நினைக்கிற டிரைவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

மற்றது ஓவர்டிரைவ், ஃபெயரி கம்பனியினுடையது. கியர்பொக்ஸின் பின்னால் மாட்டுவது; லீவரைப் போட்டால் ஓடும் கியரை இன்னும் கொஞ்சம் உயர்த்தும், ரேஷியோ 0.782. டொப் மொத்தம் 4.22, 70க்கு 1970 ஆர்.பி.எம், 80க்கு 2250, அதிவேகப் பாதையில் 100 போனாலும் 2800தான். வேண்டாதபோது எடுத்துவிட்டால் பழைய நாலு கியரும் அப்படியே இருக்கின்றன, 19.9 உட்பட. ஸ்பீடோமீட்டருக்கும் ஒன்றும் ஆகாது.

எனக்கு இதில் பிடித்தது டொப் கியர் அல்ல, மூன்றாவது. கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறுகிற மாதிரி ரோட்டை எடுங்கள். 45இல் ஏற நினைக்கிறீர்கள். நாலாவதில் 1620 ஆர்.பி.எம், டர்போ அரை மனதோடு ஊதும், கொஞ்சம் வளைந்தால் செத்துப்போகும். மூன்றாவதில் 2430, ஏறும், ஆனால் இரைச்சல். மூன்றாவதோடு ஓவர்டிரைவ் போட்டால் மொத்தம் 6.33, ஆர்.பி.எம் 1900. டோர்க் உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிறது. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் அதே 2500 கிலோவைச் சீராக இழுக்க இஞ்சின் என்ன கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், 5.4இல் 240 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவை, அதாவது மூச்சுப் பிடித்துக்கொண்டு. 6.33இல் 206 போதும், கையில் மிச்சம் இருக்கிறது. 4.22இலோ 4.1இலோ 300க்கு மேல் வேண்டும், இந்த இஞ்சினிடம் அது கிடையாது. உயர்ந்த டொப் கியர் இருந்தால் மலையில் அது சும்மா இருக்கும் என்பதை இதிலேயே பார்க்கலாம். ஹை கியர் செட்டில் மூன்றாவது 6.1 வருவதால் அங்கும் இந்த ஏற்றம் சுகமாக ஏறும், ஆனால் 6.1க்கும் 4.1க்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஓவர்டிரைவில் 6.33, 5.4, 4.22 என்று படிப்படியாக இருக்கிறது.

டிடிஐயின் டோர்க்கை ஓவர்டிரைவ் தாங்குமா என்று கேட்பீர்கள். முதல், இரண்டாவது கியர்களிலும் லோவிலும் தொடாமல் இருந்தால் தாங்கும். மூன்றாவதில் முழு டோர்க்கும் போனால் அதற்குள் நுழைவது 265 தர 1.5, சுமார் 400. பழைய பெற்றோல் இஞ்சின் இரண்டாவது கியரிலேயே அதற்குள் 360 அனுப்பியது. பெரிய அநியாயம் இல்லை. ஓவர்டிரைவ்கள் சாவது பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல்தான். அதற்குள் பிடிக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம், கசிந்தால் வெளியே தெரிவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். இஞ்சின் ஒயில் பார்க்கிற நாளில் அதையும் பாருங்கள். பழையது வாங்குவதானால் லீவரை உள்ளே போட்டு, கழன்று வெளியே குதிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இப்போது கூட்டாளி சொன்ன எல்டி77, எல்டி230. கியர்பொக்ஸாக அது சீரிஸ் பொக்ஸை விட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் டிஃபெண்டரின் 1.41 டிரான்ஸ்பர் பொக்ஸை அப்படியே கொண்டுவந்து 4.7 ஆக்சிலுக்கு மாட்டினால், ஐந்தாவது கியர் 0.83 என்று வைத்துப் பெருக்குங்கள்: 5.5. பழைய நாலாவதின் 5.4ஐ விடத் தாழ்ந்த கியர்! இவ்வளவு செலவழித்து வெட்டி ஒட்டி, ரோட்டில் பழைய வேகம்கூட இல்லை. டிஸ்கவரியின் 1.22 போட்டால் 4.77, பாதி லாபம். நேர் 1க்கு மிக அருகில் உள்ள எல்டி230 பழைய ஆட்டோமேட்டிக் ரேஞ்ச் ரோவர்களில் வந்தது. அது கிடைத்தால் ஐந்தாவது 3.9, லோ முதல் கியரோ 56. ஐடிலில் ஆள் நடக்கிறதை விட மெதுவாக வண்டி ஊரும். காகிதத்தில் இதைவிட அழகான கணக்கு இல்லை.

ஆனால் எல்டி230 எப்போதும் நாலு சக்கரத்தையும் ஓட்டும் பொக்ஸ். சீரிஸ் முன் ஆக்சிலில் திரும்பும் இடத்தில் இருப்பது சாதாரண யூ ஜொயின்ட். சக்கரம் வளையும்போது அது ஒரே சீராகச் சுற்றாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கில் துடிப்பு வரும், ஜொயின்ட்டும் தேயும். சரி செய்ய முன் ஆக்சிலை மாற்ற வேண்டும், அல்லது பொக்ஸை இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாற்ற வேண்டும். கூடவே செசியில் குறுக்குச் சட்டம், புரொப் ஷாஃப்ட் இரண்டும் புதிய நீளம், தரைத் தகடு, லீவர் துளை. அந்த வேலையை முடித்த நாளில் உங்களிடம் இருப்பது சீரிஸ் உடம்பு போட்ட அரை டிஃபெண்டர். அதுதான் ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கொழுந்து ஏற்றுவதற்கு அது தேவையில்லை.

எந்த வரிசையில் செய்வது? இஞ்சினை மட்டும் முதலில் ஏற்றுங்கள். 200 டிடிஐ பழைய சீரிஸ் பெல் ஹவுசிங்கோடு சில ஸ்டட் மாற்றங்களில் பொருந்தும்; ஆட்கள் இதைத் தேடி வாங்குவதே அதனால்தான். ரேஷியோ ஒன்றையும் தொடாமல் இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். கொழும்புப் பயணத்தில் சத்தம் தாங்கவில்லை என்றால் ஓவர்டிரைவ். நல்ல ஓவர்டிரைவ் கிடைக்கவில்லை, அல்லது டிரெய்லர் இழுக்கிறீர்கள் என்றால் ஹை கியர் செட். சத்தம் பிரச்சினையாகவே படவில்லை என்றால் அந்தக் காசை பிரேக்குக்குப் போடுங்கள்; 111 குதிரைக்கு ட்ரம் பிரேக் வண்டியில் அது முதலில் தேவைப்படும்.

டர்போவைக் கழற்றிவிட்டு இந்த இஞ்சினைப் போடுபவர்களும் உண்டு. அவர்கள் ஸ்டாண்டர்ட் ரேஷியோவிலேயே இருப்பது நல்லது, உயர்ந்த கியரை இழுக்க ஆள் இல்லை. டர்போ இல்லாத ஜப்பான் டீசல் போடுபவர்களுக்கும் இதே கதைதான். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் மாற்றும் வேலையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இஞ்சின் வாங்கிய பத்திரம் இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

கடைசியாக, எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் இப்போது என்ன ரேஷியோ இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ஐம்பது வருடத்து வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது. சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கியர் நியூட்ரல், டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரல். பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, புரொப் ஷாஃப்டில் ஒரு கோடு போட்டு, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்கு கிரவுன் வீல் ஒரு சுற்று. புரொப் ஷாஃப்ட் 4.7 சுற்று வந்தால் சரி, மூன்றரை வந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். முன்னாலும் இதையே செய்யுங்கள். முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் லொக்கில் போட்டுவிட்டு. முன் பின் இரண்டும் ஒன்றாக வராவிட்டால், அதைச் சரி பண்ணும் வரை போர் வீல் போடும் மஞ்சள் குமிழையும் லோ போடும் சிவப்பு லீவரையும் தொடாதீர்கள். லோ போட்டால் போர் வீல் தானாக விழும்.